காயும் பத்திரம், குழந்தையும் பத்திரம்!

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் வீட்டில் கேட்கிற முதல் குரல் எது தெரியுமோ? “அம்மா, தாயக்கட்டை எங்கே?” அடுத்த குரல், “பாட்டி, ஸ்ட்ரைக்கரைக் காணோம்!” மூன்றாவது குரல் நம்முடையது: “எடுத்த இடத்தில் வச்சாத்தானே இருக்கும்!”

சகோதரிகளே, பருப்புக்கு ஒரு டப்பா, மிளகாய்க்கு ஒரு டப்பா, பழைய ரப்பர் பேண்டுக்குக் கூட ஒரு டப்பா வைத்திருக்கிறோம். விளையாட்டுச் சாமான் மட்டும் என்ன பாவம் செய்தது? ஒரு பிளாஸ்டிக் பையில் சோழி, புளியங்கொட்டை, லூடோ காய், பாதி சீட்டுக்கட்டு, கால் உடைந்த குதிரை எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும். ஆடலாம் என்று எடுத்தால் நாலு காய் குறையும். தேடித் தேடி அலுத்துப்போய்க் குழந்தைகள் செல்போனுக்குப் போய்விடுவார்கள். அப்புறம், “இந்தக் காலத்துப் பிள்ளைங்க போனை விட மாட்டேங்குதுங்க” என்று நாம் அங்கலாய்க்கிறோம்!

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வீட்டு ஒழுங்குக்காக மட்டும் அல்ல. குறைந்துபோன அந்த நாலு காய் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, சிறு குழந்தை இருக்கும் வீட்டில் பயப்படும்படியான ஒரு பதில் உண்டு.

ஒரு பாதிப் புளியங்கொட்டை

செங்கல்பட்டில் எங்கள் தெருவிலேயே நடந்தது. பாட்டியும் பேத்தியும் கூடத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள. பக்கத்தில் ஒன்றரை வயதுப் பேரன். திடீரென்று குழந்தைக்குப் பெரிதாக இருமல் வந்தது. முதுகைத் தடவிவிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இருமல் நின்றுவிட்டது. குழந்தையும் சிரித்து விளையாடியது. எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நாலைந்து நாளில் சளி, காய்ச்சல். மூச்சு விடும்போது மார்பில் ஒரு பக்கம் மட்டும் ‘கீச் கீச்’ என்ற சத்தம். மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. “குழந்தை எதையாவது வாயில் போட்டுப் புரையேறிச்சாம்மா?” என்று டாக்டர் கேட்ட பிறகுதான் அந்த இருமல் ஞாபகத்துக்கு வந்தது. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டு எடுத்தார்கள். ஒரு பக்கம் உரசிப் பாதியாக்கிய புளியங்கொட்டை!

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. ஒன்று முதல் மூன்று வயது வரை கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். கடைவாய்ப் பல் இன்னும் சரியாக முளைத்திருக்காது, மென்று விழுங்கவும் முழுசாகத் தெரியாது. மூச்சுக்குழாயோ மிகக் குறுகல். கொட்டை உள்ளே இறங்கியதும் முதலில் கடுமையாக இருமல் வரும். ஓரிடத்தில் போய்த் தங்கியதும் இருமல் அடங்கிவிடும். அந்த அமைதிதான் நம்மை ஏமாற்றுகிறது. ஈரத்தில் ஊறிக் கொட்டை உப்பிக்கொள்ளும், சளி கட்டும், காய்ச்சல் வரும். எக்ஸ்ரேயில் காசு, ஆணி தெரிகிற மாதிரி விதைகள் பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால், ‘விளையாடும்போது புரையேறியது’ என்று தாய் சொல்லும் ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய உதவி.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பாட்டி பல்லாங்குழியைப் பரணில் ஏற்றிவிட்டார். “எனக்கு வேணாம்மா இந்த ஆட்டமே” என்றார். பேத்தி கைக்குப் போன் வந்தது. அந்தக் காட்சிதான் என்னை உறுத்தியது. ஆட்டத்தை விட்டுவிட்டால் ஆபத்து இல்லை, வாஸ்தவம். ஆனால் கணக்கும் பொறுமையும் பேச்சும் சிரிப்புமாக இருந்த ஒரு மாலை நேரமும் அல்லவா சேர்ந்து போய்விட்டது?

“அத்தை, பலகையை இறக்குங்க. நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணுவோம்” என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது. நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் முறத்தில் கொட்டுங்கள்

சின்னக் குழந்தைகள் தூங்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பைகளையும் டப்பாக்களையும் ஒரு பெரிய முறத்திலோ தாம்பாளத்திலோ கொட்டுங்கள். தரையில் கொட்டினால் கட்டிலுக்கடியில் ஓடும் காயைத் துரத்துவதே வேலையாகிவிடும்.

இப்போது பிரியுங்கள். சோழி ஒரு பக்கம், புளியங்கொட்டை ஒரு பக்கம், கேரம் காய், செஸ் காய், லூடோ காய், தாயக்கட்டை, அஞ்சாங்கல். உடைந்தது, விரிந்தது, வண்டு துளைத்தது எல்லாம் குப்பைக்கு. ‘இருக்கட்டும்’ என்று எடுத்து வைக்காதீர்கள். உடைந்த பிளாஸ்டிக் துண்டு வாயில் போனால் கிழிக்கும்.

சிவப்பு விதைகளை ஜாக்கிரதையாகப் பாருங்கள். மஞ்சாடி முழுக்கச் சிவப்பாக, தட்டையாக இருக்கும். குன்றிமணி சிவப்பில் ஒரு ஓரத்தில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரின் கண்ணுக்கு வைக்கிறோமே, அதுதான். பூஜை முடிந்ததும் அது பல்லாங்குழிப் பைக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது! குன்றிமணியில் அப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. ஓடு உடையாமல் விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, மாலை கோக்கத் துளை போட்டதாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. வாந்தி, ரத்தபேதி போன்றவை உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்துக்கூட ஆரம்பிக்கலாம். விஷத்தை முறிக்கத் தனி மருந்தும் கிடையாது. ஆகவே விளையாட்டுப் பெட்டியில் குன்றிமணிக்கு இடமே இல்லை.

இதே கட்டளை மஞ்சள் அரளிக்கும். கடலோரத்து வேலிகளிலும் கோயில் நந்தவனங்களிலும் மஞ்சள் பூவோடு நிற்குமே, அதன் கொட்டையைப் பிள்ளைகள் காயாக வைத்து ஆடுவதுண்டு. அது இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும் நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படித்தான். பிள்ளைகள் பொறுக்கி வருவதை நிறுத்த முடியாது. என்ன பொறுக்கினார்கள் என்று பார்க்க நம்மால் முடியும்.

பத்து சென்டிமீட்டர் காகிதம்

எந்தக் காய் ஆபத்து, எது ஆபத்தில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கெட்டியான ஒரு தாளைச் சுற்றளவு சரியாக 10 சென்டிமீட்டர் வரும்படி குழல்போலச் சுருட்டி ஒட்டுங்கள். அதன் வாய் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் குழலும் ஏறத்தாழ இதே அகலம்தான். இந்தக் குழலுக்குள் முழுதாகப் புகுந்துவிடும் எந்தக் காயும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

செய்து பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். சோழியும் கொட்டையும் போவது தெரிந்ததுதான். போட்டிக்கான கேரம் காயின் குறுக்களவு 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர் வரைதான். அதுவும் உள்ளே போய்விடும்! லூடோ காய், சின்னப் பகடை, பயணத்துக்கான குட்டிச் செஸ் காய் எல்லாமே போகும். போகாதது போட்டிச் செஸ்ஸின் பெரிய காய்கள் மாதிரியானவைதான்.

ஆக, பெட்டி இரண்டாகப் பிரிகிறது. குழலுக்குள் போகிறவை ‘மேல் பெட்டி’. அலமாரியின் மேல் தட்டில், இறுக்கமான மூடியோடு இருக்க வேண்டும். போகாதவை ‘கீழ்ப் பெட்டி’. பிள்ளைகளே எடுத்து, பிள்ளைகளே வைக்கலாம்.

எண்ணிக்கைச் சீட்டு

எங்கள் ஏற்பாட்டில் மிக முக்கியமானது இதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சுருக்குப்பை. பழைய ரவிக்கைத் துணியில் தைக்கலாம். ஆட்டத்துக்கு ஒரு நிறம். உள்ளே ஒரு சீட்டில் எத்தனை காய் என்று எழுதிப் போட்டுவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சீட்டைப் பார்த்து எண்ணிப் போட வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு.

உங்கள் வசதிக்காக எண்ணிக்கை இதோ:

பல்லாங்குழி: குழி 14. குழிக்கு 5 போட்டு ஆடினால் 70 காய், 6 போட்டால் 84. சில வீடுகளில் நடுக்குழி இரண்டிலும் ஒவ்வொன்றும், மற்ற 12 குழிகளில் பன்னிரண்டு பன்னிரண்டும் போட்டு ஆடுவார்கள். அதற்கு 146.

ஆடுபுலி ஆட்டம்: புலி 3, ஆடு 15. மொத்தம் 18.

தாயம்: கட்டை 2. ஆளுக்கு நாலோ ஆறோ, உங்கள் வீட்டு வழக்கப்படி காய்.

கேரம்: வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. மொத்தம் 19. ஸ்ட்ரைக்கர் தனி.

செஸ்: 32.

லூடோ: காய் 16, பகடை 1.

அஞ்சாங்கல்: பெயரிலேயே இருக்கிறது!

மிச்சம் விழும் நல்ல காய்களை ‘உபரி’ என்று எழுதிய தனி டப்பாவில் போடுங்கள். ஒன்று தொலைந்தால் அதிலிருந்து எடுத்து ஈடு செய்யலாம். ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருந்தால், தொலைந்ததைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் ஈடு செய்வது.

இன்னொரு பலனும் உண்டு. எண்ணிப் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஐந்தைந்தாக எண்ணினால் ஐந்தாம் வாய்ப்பாடு தானே வந்துவிடும். எங்கள் தெருப் பாட்டி இப்போது பேரன் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசை மேல் பலகையை வைத்து ஆடுகிறார். முடிந்ததும் பேத்தி எண்ணுகிறாள். “எழுபதும் இருக்கு பாட்டி” என்று அவள் சொன்ன பிறகுதான் விளக்கை அணைக்கிறார்களாம்.

மாமல்லபுரத்தில் 22,400 காய்கள்

எண்ணி அடுக்குவது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2022-ம் வருஷம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நம் மாமல்லபுரத்தையடுத்த பூஞ்சேரியில் நடந்தது. வேட்டி கட்டிக் கைகூப்பிய குதிரை ‘தம்பி’யை மறந்திருக்க மாட்டீர்கள். பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். அணிக்கு நாலு பேர் ஆடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா அணிகளும் ஆடினால் ஒரே நேரத்தில் 700 பலகை, பலகைக்கு 32 வீதம் 22,400 காய்!

ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்றுக்குள் அத்தனையும் அதனதன் கட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும். ராஜா ஜெயித்தாலும் தோற்றாலும், ஆடியவர்கள் காய்களை மறுபடி அடுக்கிவிட்டு எழுந்திருப்பது செஸ் உலகத்தில் மரியாதையான பழக்கம். பெரிய பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் செய்வதை நம் வீட்டுச் சுப்பனும் குப்பியும் செய்யக் கூடாதா?

அந்தப் போட்டியில்தான் நம் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. ஒலிம்பியாடில் நம் பெண்களுக்கு அதுவே முதல் பதக்கம். நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார் ஹரிகா. சென்னைப் பெண் வைஷாலியும் அந்த அணியில் இருந்தார். 2024-ல் புடாபெஸ்ட் நகரில் நம் பெண்கள் தங்கமே வாங்கினார்கள். அதே 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காஜிமா மூன்று தங்கம் வென்றார். ‘சும்மா காயை உருட்டிக்கிட்டு’ என்று சலித்துக்கொள்ளும் முன் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்த பகடையும், சுடுமண் ஆட்டக்காய்களும், பாண்டி ஆடும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. பழைய கோயில்கள் பலவற்றின் கல்தளத்தில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எதை எப்படிச் சுத்தம் செய்வது?

பித்தளைத் தாயக்கட்டை: புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, எண் பொட்டுகளின் குழிகளில் ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

சோழி: இதற்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. சோழி சுண்ணாம்பால் ஆனது. புளிப்பு பட்டால் அரித்து, மினுமினுப்புப் போய்விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். கடற்கரையில் பொறுக்கியதாக இருந்தால் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். உப்பும் நாற்றமும் போகும். சில வகைச் சங்கு, சிப்பிகள் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆகவே பெரிய பெரிய அழகுச் சிப்பிகளுக்கு ஆசைப்படாமல் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணச் சின்னச் சோழியே போதும் என்று இருந்துவிடுங்கள்.

புளியங்கொட்டை: கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் லேசாக வறுத்து எடுத்தால் வண்டு அடிக்காது. பையில் ஒரு துண்டு வசம்பையோ நிழலில் காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து போடலாம்.

மரப் பல்லாங்குழி: தண்ணீரில் கழுவவே கூடாது. குழிகளிலுள்ள தூசியைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டி, காய்ந்த துணியால் துடையுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். மடக்குப் பலகை என்றால் கீலுக்கு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள்.

பரமபத சோபன படம்: மடித்து வைத்தால் மடிப்பில் கிழியும். அப்புறம் பாம்புக்கு வால் இருக்காது, ஏணிக்குக் கால் இருக்காது! பழைய காலண்டர் குழாயில் வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கும்போது எடுத்து விரித்தால் புதுசு மாதிரி இருக்கும்.

கேரம் போர்டு: சுவரில் சாய்வாக நிறுத்தி மாதக்கணக்கில் விட்டால் பலகை வளைந்துவிடும். நேராகச் செங்குத்தாகவோ, கட்டிலுக்கடியில் மட்டமாகவோ துணி உறை போட்டு வையுங்கள்.

கடற்காற்றும் மழைக்காலமும்

செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக நன்றாயிருக்கும் சாமான், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் ஆறே மாதத்தில் கெட்டுப்போகும். “அண்ணி, இங்கே தகர டப்பாவே ஆகாது. மூடி துருப்பிடிச்சு ஒட்டிக்குது” என்பாள். கடற்காற்றில் வரும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரும்பு துருப்பிடிக்கும், மரம் உப்பும், துணிப்பை நமத்துப்போய்ப் பூஞ்சணம் பூக்கும்.

கடலோரச் சகோதரிகள் தகரத்துக்குப் பதில் எவர்சில்வர் டப்பாவோ, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவோ வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை காற்று வறண்டு இருக்கும் நாளில் டப்பாவைத் திறந்து, காய்களை ஒரு மணி நேரம் வெளியில் பரப்புங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் வீட்டுக்குள் உதறாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தத் தூசி மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியே வெயிலில் வைத்துத் துடைக்க வேண்டும்.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த் தட்டு, ஐப்பசி கார்த்திகையில் ஈரம் கக்கும். பலகைகளை அங்கே வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. வெள்ளத்தில் நனைந்த அட்டைப் பலகையையும் சீட்டுக்கட்டையும் காயவைத்து எடுத்து வைக்க வேண்டாம். சாக்கடை கலந்த தண்ணீர் அது. பிளாஸ்டிக் காய்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி அலசி உலர்த்தினால் மறுபடி ஆடலாம்.

பெட்டிக்குள் போடக் கூடாதவை

அந்துருண்டை: பூச்சி வராது என்று போடுகிறோம். குழந்தைக்கு அது வெள்ளை மிட்டாய்! வயிற்றுக்குள் போனால் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். கற்பூரமும் வேண்டாம். விழுங்கினால் வலிப்பு வரும்.

போரிக் பவுடர்: கேரம் போர்டில் தூவுவது பல வீடுகளில் இதுதான். வாய்வழியாகப் போனால் விஷம். முகப்பவுடர் டப்பாவில் கொட்டி வைக்கவே வைக்காதீர்கள். அவசரத்தில் யாராவது கைக்குழந்தைக்குப் பூசிவிடுவார்கள். ‘விஷம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி மேல் தட்டில் வையுங்கள். ஆடி முடித்ததும் பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் பலகாரம் தொட வேண்டும்.

பட்டன் பாட்டரி: செஸ் கடிகாரம், சத்தம் போடும் பொம்மைகள் சிலவற்றில் இருக்கும். இதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். மூடியில் திருகாணி இல்லாத பொம்மை வீட்டுக்கே வேண்டாம்.

காந்தம்: பயணச் செஸ் காய்களின் அடியில் இருக்கும். கழன்று விழுந்த காந்தம் இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். கழன்ற காய் இருக்கும் செட்டை ஒட்டிச் சரிசெய்த பிறகே கொடுங்கள்.

பாட்டரியோ காந்தமோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், வாழைப்பழம் கொடுத்து ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருக்க வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குன்றிமணிக்கும் அரளிக்கும் இதேதான்.

தொண்டையில் சிக்கினால்…

இதை வெட்டி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

குழந்தை சத்தமாக இருமுகிறது, அழுகிறது என்றால் மூச்சு போய்வருகிறது. இருமவிடுங்கள். தலைகீழாகத் தூக்கிக் குலுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

சத்தமே வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு நொடியும் வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்பக்கம் குனியவைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னாலிருந்து கட்டி, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியால் உள்ளும் மேலுமாக 5 அழுத்து. வாயில் காய் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாதபோது விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். இதற்குள் ஒருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். குழந்தை நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தேவை. இந்த முதலுதவியை, தெரிந்தவர்களிடம் ஒரு தடவையாவது நேரில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

இருமல் நின்றுவிட்டாலும் சரி, விளையாடும்போது புரையேறியது என்று தெரிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று…

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. பழைய ரவிக்கைத் துணி, காலி டப்பா, ஒரு துண்டு வசம்பு, பத்து சென்டிமீட்டர் காகிதம். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்தப் பையை இறக்குங்கள். குன்றிமணியைப் பொறுக்கி எறியுங்கள். சீட்டு எழுதுங்கள். சாயந்திரம் டி.வி.யை அணைத்துவிட்டு மாமியார், மருமகள், பேரன், பேத்தி என்று நாலு பேராகத் தாயத்துக்கு உட்காருங்கள். மாமியாரின் காயை வெட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா என்ன? ஆனால் எழுந்திருக்கும் முன் எண்ணிப் போட மறந்துவிடாதீர்கள்!